தோற்றால் லாபமா? என்பிஏ அணிகளின் கணக்கும் குலுக்கலின் விடையும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில், புதிய வீரர்களை எந்த அணி முதலில் எடுக்கும் என்பதை முடிவு செய்யும் டிராஃப்ட் குலுக்கல் 2025 மே மாதம் பலரைக் குழப்பியது. 82 ஆட்டங்களில் 65-ஐத் தோற்று லீகிலேயே கடைசியாக வந்த யூட்டா ஜாஸுக்குக் கிடைத்தது 5-ஆவது தேர்வு. 64 தோல்விகளோடு அதற்கு முந்தைய இடத்தில் இருந்த வாஷிங்டன் விசார்ட்ஸுக்கு 6-ஆவது. 39 ஆட்டங்களை வென்ற டாலஸ் மாவரிக்ஸுக்கு முதல் தேர்வு விழும் வாய்ப்பு 1.8 சதவீதம்தான்; அதற்குத்தான் விழுந்தது. அந்த ஆண்டின் புதியவர்களில் பெரிய பெயரான கூப்பர் ஃபிளாக், தன் நட்சத்திரமான லூக்கா டான்சிச்சை அப்போதுதான் கைமாற்றி ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த டாலஸுக்குப் போனார்.

மோசமாக ஆடும் அணிக்கு நல்ல வீரர் கிடைப்பார் என்பதுதானே ஏற்பாடு? பிறகு ஏன் இப்படி? அப்படியானால் வேண்டுமென்றே தோற்பதில் பலன் உண்டா, இல்லையா? அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

டிராஃப்ட்: தோற்றவருக்கு ஏன் முதல் பந்தி

ஐபிஎல்லில் வீரர்கள் ஏலத்தில் வருகிறார்கள். எல்லா அணிகளுக்கும் பண வரம்பு ஒன்றே. 2025-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறையாகப் பட்டியலின் அடியில் முடித்ததே, அதற்காக ஏலத்தில் அதற்குச் சலுகை ஒன்றும் கிடையாது. என்பிஏவில் அப்படி இல்லை. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு சுற்றுகளில் எடுத்துக்கொள்கின்றன. எந்த அணிக்குப் போவது என்பது வீரரின் கையில் இல்லை. பலவீனமான அணி முன்வரிசையில் நிற்கும். பலமான அணி கடைசியில். 30 அணிகளும் காலப்போக்கில் சமநிலைக்கு வர வேண்டும் என்பது நோக்கம்.

முன்வரிசைக்கு ஏன் இத்தனை மதிப்பு?

1. களத்தில் ஐந்தே பேர். ஒரு நட்சத்திரம் 48 நிமிட ஆட்டத்தில் 35 நிமிடத்துக்கு மேல் ஆட முடியும். கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ ஒரே ஆள் ஓர் அணியை இவ்வளவு தூக்கிவிட முடியாது.

2. சம்பளம். முதல் சுற்றில் தேர்வாகும் புதியவருக்கு நான்காண்டு வரை நிர்ணயித்த ஊதிய அட்டவணை உண்டு. 2025-26இல் ஓர் அணியின் சம்பள வரம்பு சுமார் 15.46 கோடி டாலர். முதல் தேர்வான ஃபிளாக்கின் முதலாண்டுச் சம்பளம் சுமார் 1.38 கோடி. அதாவது வரம்பில் 9 சதவீதம். அனுபவமுள்ள நட்சத்திரத்துக்கு உச்சபட்ச ஒப்பந்தம் கொடுத்தால் 25 முதல் 35 சதவீதம் வரை போய்விடும். மிச்சமாகும் தொகையில் இன்னும் ஒரு நல்ல வீரரை வாங்கலாம்.

3. பிடிப்பு. அந்த நான்காண்டு முடிந்து வேறு அணி விலை பேசினாலும், அதே விலையைக் கொடுத்து வீரரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு. பெரிய ஊர், நல்ல வானிலை என்று எந்தக் கவர்ச்சியும் இல்லாத சின்ன ஊர் அணிகளுக்கு நட்சத்திரம் கிடைக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

தோற்பது யார்?

இந்த வரிசைக்காகத் தோல்வியை வரவேற்பதைத்தான் டேங்கிங் என்கிறார்கள். இதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: வீரர்கள் வேண்டுமென்றே பந்தைத் தவறவிடுகிறார்கள் என்று. எந்த வீரரும் அப்படிச் செய்ய மாட்டார். அவருடைய அடுத்த ஒப்பந்தம் இன்றைய புள்ளிவிவரத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, அணி தோற்றுப் பிடிக்கும் புதியவர் இவருடைய இடத்துக்கே வரலாம். பயிற்சியாளரும் தோற்றுத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. தோல்வியை ஏற்பாடு செய்வது நிர்வாகம். அதற்கு வழக்கமாக மூன்று வழிகள்:

1. பிப்ரவரியில் வீரர் பரிமாற்றக் கெடு முடியும் முன் அனுபவசாலிகளை விற்றுவிடுவது. வெற்றி தரும் ஆட்களே இல்லாவிட்டால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

2. நன்றாக இருப்பவரை உட்காரவைப்பது, சின்னக் காயத்துக்கு நீண்ட ஓய்வு கொடுப்பது. 2021 மார்ச்சில் ஒக்லஹோமா சிட்டி தண்டர், உடல்நிலை சரியாக இருந்த ஆல் ஹார்ஃபர்ட் அந்த சீசனில் இனி ஆட மாட்டார் என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

3. ஆட்டம் நெருக்கமாகப் போகும்போது கடைசிக் கால் பகுதியில் அனுபவமில்லாத ஐவரை விடுவது. "இளைஞர்களுக்கு வாய்ப்பு" என்று இதற்கு ஓர் அழகான பெயரும் உண்டு.

அப்பட்டமாகச் செய்தால் லீக் அபராதம் போடும். 2025 மார்ச்சில் லாரி மார்க்கனனை ஆடவைக்காத விவகாரத்தில் யூட்டாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். பல கோடி மதிப்புள்ள வீரருக்காகக் காத்திருக்கும் அணிக்கு இது கைச்செலவு.

குலுக்கல் இயந்திரத்துக்குள்

1984 வரை இரு பிரிவுகளிலும் கடைசியாக வந்த அணிகளுக்கு இடையே நாணயம் சுண்டினார்கள். அந்த ஆண்டு ஹூஸ்டன் ராக்கெட்ஸ் சீசன் முடிவில் தோற்ற விதம் சந்தேகத்தைக் கிளப்பியது. நாணயமும் ஹூஸ்டன் பக்கம் விழ, ஹக்கீம் ஒலாஜுவன் கிடைத்தார். 1985-இல் குலுக்கல் வந்தது. அதன்பின் விதிகள் பலமுறை மாறின. இங்கே விளக்கும் முறை 2019 குலுக்கலில் வந்தது.

இயந்திரத்தில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள். நான்கு பந்துகளை எடுக்கிறார்கள். முதல் பந்துக்கு முன் 20 விநாடி கலக்கல், பிறகு ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. எந்த வரிசையில் வந்தாலும் சரி என்பதால் மொத்தம் 1,001 சேர்க்கைகள். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தையும் பிளே-ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இப்படி முதல் நான்கு இடங்களை மட்டும் முடிவு செய்கிறார்கள். ஐந்தாவதிலிருந்து, மிஞ்சிய அணிகள் தோல்விக் கணக்குப்படி நிற்கும்.

முதல் தேர்வுக்கான வாய்ப்பு: கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம். அதற்கு மேலே உள்ளவற்றுக்கு 12.5, 10.5, 9, 7.5, 6, 4.5, 3, 2, 1.5, 1, 0.5. பழைய முறையில் கடைசி அணிக்கு 25 சதவீதம் இருந்தது. அதைப் பாதிக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததே டேங்கிங்கை மட்டுப்படுத்தத்தான்.

இனி கணக்கு.

1. கடைசியாக வருவதற்கும் கடைசியிலிருந்து மூன்றாவதாக வருவதற்கும் முதல் தேர்வில் துளி வித்தியாசம் இல்லை. எவ்வளவு கீழே போகலாம் என்பதில்தான் வித்தியாசம்: கடைசி அணி 5-க்குக் கீழே போகாது, அடுத்தது 6-க்கு, அதற்கடுத்தது 7-க்கு.

2. கடைசி அணிக்கு 5-ஆவது தேர்வு விழும் வாய்ப்பு 47.9 சதவீதம். அதாவது லீகிலேயே மிக மோசமாக ஆடிய அணிக்கு, மற்ற எந்தத் தனி இடத்தையும்விட ஐந்தாமிடம் வரவே வாய்ப்பு மிக அதிகம். யூட்டாவுக்கு நடந்ததில் அதிசயம் எதுவுமில்லை.

3. மூன்று ஆண்டு தொடர்ந்து கடைசியாக வந்தாலும், ஒருமுறைகூட முதல் தேர்வு கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.86-ஐ மூன்றுமுறை பெருக்கினால் வருவது: சுமார் 64 சதவீதம். ஐந்து ஆண்டு இழுத்தாலும் 47 சதவீதம்.

4. 2019 முதல் 2025 வரை ஏழு குலுக்கல்கள். அவற்றில் ஒன்றில்கூடக் கடைசி அணிக்கு முதல் தேர்வு விழவில்லை. அந்த ஏழு அணிகளுக்கும் கிடைத்தவை முறையே 3, 2, 2, 3, 5, 5, 5. இதில் சதி தேட வேண்டாம். 14 சதவீத வாய்ப்பு ஏழு முறையும் தப்பிப்போக 35 சதவீத சாத்தியம் உண்டு.

பழைய முறையிலும் உத்தரவாதம் கிடையாது. உரிமையாளர்களின் கதவடைப்பால் 66 ஆட்டங்களாகச் சுருங்கிய 2011-12 சீசனில் ஷார்லட் பாப்கேட்ஸ் 7 வென்று 59 தோற்றது. வெற்றி விகிதத்தில் என்பிஏ வரலாற்றின் மிக மோசமான சீசன் அது. அந்த ஆண்டின் முதல் தேர்வு ஆந்தனி டேவிஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார். ஷார்லட்டுக்கு இரண்டாமிடத்தில் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட்.

முதல் தேர்வு கிடைத்தாலும்

2013-இன் முதல் தேர்வு ஆந்தனி பென்னட் சில ஆண்டுகளில் லீகை விட்டே போய்விட்டார். 2007-இல் போர்ட்லாண்ட் கெவின் டுராண்டை விட்டுவிட்டு கிரெக் ஓடனை எடுத்தது; டுராண்ட் பெரிய நட்சத்திரமானார், ஓடனைக் காயங்கள் முடக்கின. மறுபக்கம், 2019 முதல் 2025 வரை சிறந்த வீரர் விருது பெற்ற நால்வரைப் பாருங்கள்: யானிஸ் அன்டெடோகும்போ 15-ஆவது தேர்வு, நிகோலா யோக்கிச் 41, ஜோயல் எம்பீட் 3, ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 11. முதல் பத்துக்குள் தேர்வானவர் எம்பீட் மட்டுமே.

இதை வைத்து "முன்வரிசைக்கு மதிப்பே இல்லை" என்று சொல்லிவிடவும் கூடாது. சராசரியில் முதல் மூன்று தேர்வுகள் மற்றவற்றைவிடச் சிறந்தவர்களாகத்தான் வருகிறார்கள். 2023-இன் முதல் தேர்வான விக்டர் வெம்பன்யாமா போன்ற ஒருவர் வரும் ஆண்டில் எந்த நிர்வாகத்துக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அப்படி ஓர் ஆண்டு எப்போதாவது வரும். தோல்வியோ ஆண்டு முழுக்க.

டெட்ராய்ட்: தோல்வியின் விலை

விலையைப் பார்க்க டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் போதும். 2021-இல் குலுக்கலில் முதலிடம் பெற்று கேட் கன்னிங்ஹாமை எடுத்தது. அத்தோடு கட்டத் தொடங்கியிருக்கலாம். 2022-23இல் காயத்தால் கன்னிங்ஹாம் பெரும்பாலும் ஆடவில்லை. 17 வெற்றி, 65 தோல்வி, லீகில் கடைசி. கிடைத்தது 5-ஆவது தேர்வு, ஆஸர் தாம்சன். வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். அடுத்த சீசனுக்கு மான்டி வில்லியம்ஸைப் பயிற்சியாளராகப் பெரும் சம்பளத்தில் ஆறாண்டு ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் சுற்றி நின்றவர்கள் இளைஞர்கள், அதிலும் தூரத்திலிருந்து எறியத் தெரிந்தவர்கள் குறைவு.

இந்தப் பற்றாக்குறை களத்தில் இப்படித் தெரியும்: கன்னிங்ஹாம் பந்தோடு உள்ளே நுழைகிறார். மூன்று புள்ளிக் கோட்டில் நிற்பவருக்கு எறியத் தெரியாது என்பதால் அவரைக் காக்க வேண்டிய எதிரணி வீரர் அவரை விட்டுவிட்டு உள்ளே இறங்கிவிடுகிறார். இப்போது கன்னிங்ஹாமைச் சுற்றி இரண்டு மூன்று பேர். பந்து பறிபோகும், அல்லது கஷ்டமான எறிதல். இதையே இரவு தோறும் செய்து பழகும் இளைஞர் எதைக் கற்றுக்கொள்வார்? தொடர்ந்து 28 தோல்விகள், ஒரே சீசனில் அது சாதனை. முடிவில் 14-68 (வெற்றி-தோல்வி). மீண்டும் கடைசி, மீண்டும் 5-ஆவது தேர்வு, அதுவும் பலவீனமான 2024 வரிசையில். வில்லியம்ஸ் ஓராண்டில் வெளியேற்றப்பட்டார்.

மாற்றம் வந்தது வேறு வழியில். 2024 கோடையில் அணியின் நிர்வாகப் பொறுப்பேற்ற ட்ரேஜன் லாங்டன், ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபைப் பயிற்சியாளராக்கி, டோபயஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மலிக் பீஸ்லி ஆகியோரைக் கொண்டுவந்தார். மூவரும் அனுபவசாலிகள், யாரும் சூப்பர் ஸ்டார் இல்லை. பீஸ்லி அந்த சீசனில் 319 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். கோட்டில் நிற்பவரை விட்டுவிட்டு உள்ளே இறங்க முடியாததால் கன்னிங்ஹாமுக்கு வழி திறந்தது. 14 வெற்றி 44 ஆனது, பிளே-ஆஃபும் வந்தது. கன்னிங்ஹாம் இல்லாமல் இது நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் அவர் வந்தபிறகும் இழுத்த கடைசியிடங்களால் அணி அடைந்தது இரண்டு ஐந்தாம் தேர்வுகள்.

ஹூஸ்டனிலும் இதே கதைதான். 2021 முதல் 2023 வரை மூன்று அடிமட்ட சீசன்கள், 2, 3, 4-ஆவது தேர்வுகள். பிறகு பயிற்சியாளர் இமே உடோகாவும், ஃப்ரெட் வான்ஃப்ளீட், டில்லன் புரூக்ஸ் ஆகிய அனுபவசாலிகளும் வந்த முதல் சீசனிலேயே 22 வெற்றி 41 ஆனது. அடுத்த ஆண்டு 52.

ஃபிலடெல்ஃபியா: நீண்ட சோதனை

வெளிப்படையாக, பல ஆண்டுகளுக்குத் திட்டமிட்டுத் தோற்ற அணி ஃபிலடெல்ஃபியா 76ers. 2013-இல் வந்த மேலாளர் சாம் ஹின்கி, நல்ல நிலையில் இருந்த ஜூரூ ஹாலிடேயை முதலில் விற்றார். அடுத்த மூன்று சீசன்களில் வெற்றிகள் 19, 18, 10. எம்பீட் கிடைத்தார், காயத்தால் முதல் இரண்டு சீசன்களும் ஆடவில்லை. 2015-இல் மூன்றாமிடத்தில் ஜலில் ஒகாஃபோர் வந்து நிலைக்கவில்லை. அதே வரிசையில் டெவின் புக்கர் 13-ஆவதாகத்தான் போனார். 2016 ஏப்ரலில் ஹின்கி பதவி விலகினார். அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வாக பென் சிம்மன்ஸ் வந்தபோது அவர் அங்கே இல்லை. இது தற்செயல் அல்ல. பல ஆண்டுத் தோல்வியைத் திட்டமிடுபவர் அதன் அறுவடை வரை பதவியில் இருப்பது அரிது. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர் என்றால் திட்டம் நடுவழியில் மாறிவிடும்.

எம்பீட் 2023-இல் சிறந்த வீரர் ஆனார். 2018 முதல் 2024 வரை அணி ஆண்டுதோறும் பிளே-ஆஃப் போனது. ஆனால் ஒருமுறைகூட இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. தோல்வி என்கிறீர்களா? பத்தாண்டு நடுத்தர அணியாகக் கிடப்பதைவிட இது மேல் என்று வாதிடலாம். ஆனால் மூன்று ஆண்டு தோற்றதற்கு இது ஈடான பலன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எப்போது பலிக்கிறது

தோல்வி நிச்சயமாகப் பலன் தந்த இடங்களும் உண்டு. அவற்றில் எதுவும் "வருடா வருடம் கடைசியாக வா" என்ற வகை அல்ல.

1. ஏற்கெனவே கட்டிய வீடு, ஓராண்டு மட்டும் பூட்டு. 1996-97இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் டேவிட் ராபின்சன் காயத்தால் 6 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். 20-62. குலுக்கலில் டிம் டங்கன் வந்தார். ராபின்சனும் திரும்பினார், அடுத்த சீசனில் 56 வெற்றி, 1999-இல் பட்டம். டங்கனை எதிர்பார்த்து அந்த ஆண்டு 67 ஆட்டங்களைத் தோற்ற பாஸ்டனுக்குக் கிடைத்தவை 3-ஆவதும் 6-ஆவதும்.

2. பாதுகாக்கப்பட்ட தேர்வு. வருங்காலத் தேர்வை இன்னோர் அணிக்கு விற்கும்போது "முதல் பத்துக்குள் வந்தால் எங்களுக்கே" என்று நிபந்தனை போடுவார்கள். 2023-இல் டாலஸ் அப்படித்தான் நியூயார்க்குக்குக் கடன்பட்டிருந்தது. தோல்வி வரிசையில் 10-ஆம் இடத்தில் இருந்தால் தேர்வு கையில் நிற்க ஏறத்தாழ 80 சதவீத வாய்ப்பு. 11-ஆம் இடத்துக்குப் போனால் சுமார் 9 சதவீதம். அட்டவணையில் வேறெங்கும் ஒரே இடத்துக்கு இவ்வளவு மதிப்பு இல்லை. எனவே ஏப்ரல் 7 அன்று சிகாகோவுக்கு எதிராக, பிளே-இன் (பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள்) வாய்ப்பு இன்னும் உயிரோடு இருந்தபோதே, கைரி இர்விங் உட்படப் பல முக்கிய வீரர்களை உட்காரவைத்தது. டான்சிச் முதல் கால் பகுதி முடிந்து சில விநாடிகளில் வெளியே வந்துவிட்டார். 112-115 என்று தோல்வி. ஏழரை லட்சம் டாலர் அபராதம். தேர்வு மிஞ்சியது, அதை 12-ஆவது தேர்வாக மாற்றி எடுத்த டெரெக் லைவ்லி, அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஆடினார். பார்க்க அசிங்கம்தான், கணக்காகச் சரி.

3. பிறருடைய தோல்வி. 2025 பட்டம் வென்ற ஒக்லஹோமா சிட்டியும் இரண்டு சீசன் தோற்றது; 22-50, 24-58. அதில் வந்தவர் 2-ஆவது தேர்வான செட் ஹோம்கிரன். ஆனால் கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2019-இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்கு விற்றபோது வந்தவர். 12-ஆவது தேர்வான ஜேலன் வில்லியம்ஸ் அதே விற்பனையில் கிடைத்த கிளிப்பர்ஸின் தேர்வில் வந்தவர்.

இதன் உச்சம் பாஸ்டன். 2013-இல் வயதான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்து, அதன் வருங்கால முதல்சுற்றுத் தேர்வுகளை வாங்கியது. 2016-17இல் புரூக்ளின் 20-62 என்று லீகில் கடைசி. தோல்வியின் பலன் தனக்கு வராது என்று தெரிந்தும் தோற்க வேண்டிய நிலை. அதே சீசனில் 53 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவின் முதலிடத்தில் இருந்த பாஸ்டன், புரூக்ளினின் தோல்வியால் முதல் தேர்வையும் பெற்றது. அதைத்தான் ஃபிலடெல்ஃபியா இன்னொரு முதல்சுற்றுத் தேர்வும் சேர்த்துக் கொடுத்து வாங்கி, மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. மூன்றாமிடத்துக்கு இறங்கிய பாஸ்டன் ஜேசன் டேட்டத்தை எடுத்தது. முந்தைய ஆண்டு புரூக்ளினின் தேர்வில் ஜேலன் பிரவுன் ஏற்கெனவே வந்திருந்தார். 2024-இல் பாஸ்டன் பட்டம் வென்றபோது இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் பிரவுன்.